அப்பாவின் ரியாலும் மாமாவின் டாலரும்

2022 அக்டோபரில் ஒரு சாயங்காலம். அம்மா வங்கிக்குப் போய்விட்டு வந்து, "இந்த மாசம் கூடுதலா விழுந்திருக்கு மக்களே" என்று பாஸ்புக்கைக் காட்டினாள். அப்பா சவூதியில், ஜுபைலில் பைப் ஃபிட்டர். எதிரே கட்டன்சாயா குடித்துக்கொண்டிருந்த மாமா ஒன்றும் பேசவில்லை. கருங்கல் பக்கம் அவருக்குச் சின்ன அண்டி ஆபீஸ், அதாவது முந்திரிக்கொட்டை உடைக்கும் ஆலை. ஆப்பிரிக்காவிலிருந்து அண்டி இறக்க, ஆகஸ்டில் 50,000 டாலருக்கு எல்.சி. திறந்திருந்தார். விற்பவருக்குப் பணம் போய்ச் சேரும் என்று வங்கி தரும் உறுதிக் கடிதம் அது. அப்போது டாலர் 79 ரூபாய் சொச்சம். பணம் கட்டும் நாளில் 82ஐத் தாண்டிவிட்டது. ஒன்றரை லட்ச ரூபாய் கையை விட்டுப் போயிருந்தது.

டாலர் விலை ஏறியது என்ற ஒரே செய்திதான். அம்மாவுக்கு அது சந்தோஷம், அவள் கூடப்பிறந்தவருக்கு நஷ்டம். அன்று எனக்கு இதைச் சொல்லத் தெரியவில்லை. இப்போது எம்.காம். இரண்டாம் ஆண்டில் இன்டர்நேஷனல் ஃபைனான்ஸ் படிக்கிறேன். திங்கள்சந்தை வழியாக நாகர்கோவிலுக்குப் போகும் பஸ்ஸில் மடியில் நோட்டை வைத்துக்கொண்டு கணக்குப் போடும்போதெல்லாம் அந்தச் சாயங்காலம்தான் நினைவுக்கு வருகிறது.

முதலில் அப்பா பக்கம். சவூதி ரியால் 1986 முதல் டாலரோடு கட்டப்பட்டிருக்கிறது. ஒரு டாலருக்கு மாறாமல் 3.75 ரியால். ஆக, அப்பா ரியாலில் சம்பளம் வாங்கினாலும் எங்கள் வீட்டு வருமானம் டாலர் வருமானம்தான். டாலர் 83 ரூபாய் என்றால் 4,000 ரியாலுக்கு 88,533 ரூபாய். 84 ஆனால் 89,600. ரியாலுக்கு என்ன விலை என்று வீட்டில் தினமும் கேட்டு வளர்ந்தவள் நான். அந்த விலையை ஆட்டுவது ரியாலே இல்லை, ரூபாய்க்கும் டாலருக்கும் நடுவில் நடப்பதுதான் என்று வகுப்பில் புரிந்த அன்று, சாயங்காலமே அப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "நான் வந்த நாள்லேருந்து 3.75தான் பிள்ளே" என்றார். அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. நான்தான் கேட்டதில்லை.

இப்படிக் கட்டிவைப்பது நம் ஊருக்கும் புதிதில்லை. எங்கள் ஆச்சி இன்றைக்கும் பணத்தைச் சக்கரம் என்பாள். திருவிதாங்கூர் காலத்தில் 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம். பிரிட்டிஷ் இந்திய ரூபாய் ஒன்றுக்கு இருபத்தெட்டரைச் சக்கரம், திருவிதாங்கூர் ரூபாய் என்றால் 28. பாடப் புத்தகத்தில் இல்லாத இந்த உதாரணத்தை வகுப்பில் சொன்னபோது எங்கள் மேடம் அதைப் பலகையில் எழுதிப்போட்டார். எனக்கு அவ்வளவு பெருமை.

மாமாவின் கதைதான் எனக்கு முக்கியம். அவர் பருப்பை உள்நாட்டில் ரூபாய்க்கு விற்கிறார், வாங்குவது டாலரில். சரக்கு வந்து, உடைத்து, தோல் நீக்கி, தரம் பிரித்து விற்பதற்குள் மாதங்கள் ஓடிவிடும். அத்தனை நாளும் அவர் தலைக்கு மேல் டாலர் கடன் நிற்கிறது. ஏற்றுமதி செய்கிறவருக்கு வரும் டாலரே இதற்குத் தடுப்பு. மாமாவுக்கு அது கிடையாது.

ஃபார்வர்டு எடுத்திருக்கலாமே, பின்னால் வாங்கப்போகும் டாலருக்கு முன்கூட்டியே வங்கியோடு விலை பேசி வைத்திருக்கலாமே என்று ஒருநாள் கேட்டேன். "பேங்க்காரன் டாலருக்கு 41 பைசா கூட கேக்கான். டாலர் ஏறும்னு அவனே நெனைக்கான், அதான்" என்றார். இந்த எண்ணம் பலருக்கும் இருக்கிறது, ஆனால் அது சரியில்லை. மாமாவை உட்காரவைத்து நோட்டில் எழுதிக் காட்டினேன். அன்று டாலர் 83. ரூபாய்க்கு ஆண்டு வட்டி 7 சதவீதம், டாலருக்கு 5 என்று வைத்துக்கொள்வோம். மூன்று மாதம் கழித்துத் தருவதாக ஒத்துக்கொண்ட டாலரை வங்கி இன்றே வாங்கி டாலர் கணக்கில் போட்டுவைக்கலாம். ரூபாயாகவே வைத்திருந்தால் வந்திருக்கும் கூடுதல் வட்டி அதற்குப் போச்சு. மூன்று மாதத்துக்கு ரூபாய் வட்டி 1.75 சதவீதம், டாலர் வட்டி 1.25. ஆக, 83ஐ 1.0175ஆல் பெருக்கி 1.0125ஆல் வகுத்தால் 83.41. அந்த 41 பைசா இரண்டு வட்டிகளுக்கு இடையிலான வித்தியாசம் மட்டுமே, ஆரூடம் ஒன்றுமில்லை. 50,000 டாலருக்கு 20,500 ரூபாய். ஒன்றரை லட்சத்தின் பக்கத்தில் அதை எழுதியதும் மாமா நோட்டை வாங்கி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் அவர் ஒன்று கேட்டார். "உங்க அப்பாகிட்ட டாலர் மாதிரி ரியால் இருக்கு. எனக்கு டாலர் வேணும். நான் உங்க அம்மாகிட்ட ரூபாயைக் குடுத்தா, அவர் அங்கேருந்தே சரக்குக்காரனுக்கு அனுப்பக் கூடாதா?" கேட்க நியாயமாகத்தான் இருந்தது. மறுநாள் மேடத்திடம் கேட்டேன். அதற்குப் பெயர்தான் ஹவாலா என்றார். 1999ஆம் ஆண்டு அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி, இப்படிப்பட்ட பணம் ரிசர்வ் வங்கி அனுமதி பெற்ற வங்கிகள் வழியாகவே போக வேண்டும். அப்பா அனுப்புவதையும் மாமா கட்டுவதையும் நடுவில் நின்று சேர்த்துவைப்பது அந்த வங்கிகளின் வேலை. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையில் அவர்கள் எடுத்துக்கொள்ளும் பைசாக்களை நான் அன்றிலிருந்துதான் கவனிக்கத் தொடங்கினேன். ஒரே நாளில் அம்மாவுக்குக் கிடைத்த விலையையும் மாமா கொடுத்த விலையையும் எழுதிவைக்கிறேன். என் புராஜெக்டே இதுதான்.

போன மாதம் மாமா புது எல்.சி. திறந்தார். பாதித் தொகைக்கு ஃபார்வர்டு போட்டிருக்கிறார். மீதிப் பாதிக்கு வேண்டாம் என்றுவிட்டார், நான் வற்புறுத்தவில்லை. தொழில் அவருடையது. வங்கியில் தந்த காகிதத்தை என்னிடம் கொண்டுவந்து நீட்டி, "இதுல நம்ம கணக்கு எங்க வருது, பாத்துச் சொல்லு" என்றார். என் கணக்கைவிட எட்டுப் பைசா கூடுதல். வெள்ளிக்கிழமை எனக்கு வகுப்பு இல்லை. அவரோடு வங்கிக்குப் போய், அந்த எட்டுப் பைசா எதற்கென்று கேட்கப்போகிறோம்.