காம்ப்ரிஹென்சிவ் வைவாவில் கார்பன்: பதில் சொல்லும் முன் வெப்பநிலையைக் கேளுங்கள்

பிஎச்டி காம்ப்ரிஹென்சிவ் (தகுதித் தேர்வு) முடிவு வந்துவிட்டது. கிளியர். அந்த மெயிலைப் பார்த்த பிறகுதான் ஒழுங்காகத் தூக்கம் வந்தது. கார்பன் பக்கம் வேலை செய்யும் ஜூனியர்கள் பலரும் என்ன கேட்டார்கள், எப்படித் தயார் செய்தீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எல்லாம் மறந்துபோவதற்குள் எழுதிவிடுகிறேன். எழுத்துத் தேர்வு, கமிட்டி, பிபிடி இதெல்லாம் உங்களுக்கே தெரியும், நேராக வைவாவுக்கு, அதாவது வாய்மொழித் தேர்வுக்குப் போகலாம்.

கதிர்வீச்சும் வெப்பச் சிகிச்சையும் கார்பன் பொருட்களின் பண்புகளை எப்படி மாற்றுகின்றன என்பதுதான் என் தலைப்பு. இதில் நான் சொல்ல விரும்புவது ஒன்றே ஒன்று: எந்தப் பண்பைப் பற்றிக் கேட்டாலும், "எந்த வெப்பநிலையில்?" என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். வேறு எதுவும் நினைவில் இல்லாவிட்டாலும் இது இருக்கட்டும்.

வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் கேட்ட முதல் கேள்வியே இதுதான்: "கிராஃபைட்டை ரியாக்டருக்குள் வைத்தால் அதன் அளவு கூடுமா, குறையுமா?" குறையும் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பெரும்பாலான நோட்ஸில் அப்படித்தான் இருக்கும். "எந்த வெப்பநிலையில் சார்?" என்று கேட்டேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "நீயே சொல், எந்த வெப்பநிலையில் என்ன ஆகும்?" என்றார். அதன் பிறகு வைவாவின் பாதி நேரம் போர்டில்தான் நின்றேன்.

அங்கே வரைந்த படத்தைச் சொல்லிவிடுகிறேன், மீதி எல்லாம் அதிலிருந்துதான் வரும். ரியாக்டரில் நியூட்ரான்களின் வேகத்தைத் தணிக்க வைக்கும் கிராஃபைட் அடுக்கு அடுக்காக இருக்கிறது, இரண்டு அடுக்குக்கு நடுவே 0.335 நானோமீட்டர். ஒரே அடுக்குக்குள் அணுவுக்கும் அணுவுக்கும் 0.142. வேகமான நியூட்ரான் ஒன்று கார்பன் அணுவை நேருக்கு நேர் மோதினால் தன் ஆற்றலில் அதிகபட்சம் 28 சதவீதம் கொடுக்கும், சராசரி அதில் பாதி. ஓர் அணுவை இடத்தைவிட்டுத் தள்ள 25 முதல் 30 எலக்ட்ரான் வோல்ட் போதும் என்றால், 1 மெகா எலக்ட்ரான் வோல்ட் நியூட்ரானின் ஒரே மோதல் எத்தனை அணுக்களை வரிசையாகத் தள்ளிவிடும் என்று பாருங்கள். தள்ளப்பட்ட அணு அடுக்குகளுக்கு நடுவே போய் உட்கார்கிறது (இன்டர்ஸ்டிஷியல்), விட்டுவந்த இடம் காலி (வேகன்சி). அப்பளக் கட்டுக்குள் மிளகை வைத்து அழுத்தியது போல, அடுக்குகளுக்குக் குறுக்கே, அதாவது சி அச்சில், படிகம் பருக்கிறது. அடுக்குக்குள்ளேயே வேகன்சிகள் இருப்பதால் ஏ அச்சில், அதாவது அடுக்கின் தளத்தில், சுருங்குகிறது. இதுதான் பழைய விளக்கம். அடுக்குகளே மடிந்து சுருட்டிக்கொள்கின்றன என்று ஹெக்கியும் சக ஆய்வாளர்களும் 2011-ல் முன்வைத்த மாதிரியும் இருக்கிறது. இரண்டையும் சொல்லுங்கள். ஆனால் முதல் படத்தை ஒழுங்காக வரையத் தெரியாமல் இரண்டாவதை எடுக்காதீர்கள்.

இப்போது வெப்பநிலை. சுமார் 300 டிகிரி செல்சியஸுக்குக் கீழே கதிர்வீச்சு நடந்தால், இடம்பெயர்ந்த அணுக்களில் நிறைய அங்கங்கே உறைந்து நின்றுவிடும். சி அச்சில் பருமன் அவ்வளவு வேகமாகக் கூடுவதால், பிழிந்தெடுத்த (எக்ஸ்ட்ரூட் செய்த) திசைக்குக் குறுக்கே மொத்தக் கட்டையும் பெருக்கும். அமெரிக்காவின் ஹான்ஃபோர்டில் இருந்த ஆரம்பகால ரியாக்டர்களில் இதுதான் பெரிய தலைவலி. அதற்கு மேலான வெப்பநிலையில் இன்டர்ஸ்டிஷியல்கள் நகர ஆரம்பித்து, நிறையப் பேர் வேகன்சியில் விழுந்து சரியாகிவிடுவார்கள், மிச்சமிருப்பவை மெல்லச் சேர்ந்து புது அடுக்காகும். அப்போது மொத்தக் கட்டை முதலில் சுருங்கும். விடையின் குறியே தலைகீழாகிறது! வெப்பநிலை தெரியாமல் "குறையும்" என்று சொன்னால் பாதி ரியாக்டர்களுக்கு அது தவறான பதில்.

சரி, சி அச்சில் பருக்கும் படிகங்களால் ஆன கட்டை ஏன் சுருங்க வேண்டும்? இந்தக் கேள்வி வந்தே தீரும், எனக்கும் வந்தது. இதற்கான விடை கதிர்வீச்சில் இல்லை, தயாரிப்பில் இருக்கிறது. கிராஃபைட்டை 2800 டிகிரி பக்கம் சூடேற்றி ஆற வைக்கும்போது சி அச்சு நிறையச் சுருங்கும், ஏ அச்சில் மாற்றம் மிகக் குறைவு. அந்த வித்தியாசத்தில் அடுக்குகளுக்கு இணையாக மெல்லிய விரிசல்கள் திறந்துகொள்கின்றன. மிரோசோவ்ஸ்கி விரிசல்கள் என்பார்கள். பின்னால் கதிர்வீச்சில் சி அச்சு பருக்கும்போது அந்தப் பருமன் இந்த விரிசல்களுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது, வெளியே தெரிவது ஏ அச்சின் சுருக்கம் மட்டும். விரிசல்கள் எல்லாம் அடைபட்ட பிறகு போக இடமில்லை, கட்டை திரும்பிப் பெருக்க ஆரம்பிக்கும். டர்ன்அரவுண்ட் என்று சொல்வது இதைத்தான். வெப்பநிலை கூடக் கூட டர்ன்அரவுண்ட் குறைந்த டோசிலேயே (வாங்கிய மொத்தக் கதிர்வீச்சு) வந்துவிடும். இதைப் புரிந்துகொண்ட அன்று எனக்கு உண்மையிலேயே பெரிய மகிழ்ச்சி, ஏனென்றால் "வெப்பச் சிகிச்சை" ஒரு பாடம், "கதிர்வீச்சு" இன்னொரு பாடம் என்று பிரித்துப் படிக்க வேண்டியதில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. ஃபர்னஸில் ஆறும்போது திறந்த விரிசல்தான் ரியாக்டருக்குள் கட்டையின் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

உதாரணம் கேட்டால் ஸ்காட்லாந்தின் ஹன்டர்ஸ்டன் பி அணுமின் நிலையத்தைச் சொல்லுங்கள். ரியாக்டருக்குள் அடுக்கிய கிராஃபைட் செங்கல்லின் உட்பக்கம் அதிக டோஸ் வாங்கி முதலில் டர்ன்அரவுண்டைத் தாண்டும், வெளிப்பக்கம் இன்னும் சுருங்கிக்கொண்டிருக்கும். இழுவிசை முழுவதும் வெளிப்பக்கத்தில் சாவிப்பள்ளத்தின் (செங்கற்களை ஒன்றோடொன்று பூட்டும் பள்ளம்) மூலையில் போய்ச் சேரும், விரிசல் அங்கேதான் தொடங்கும். 2022 ஜனவரியில் அந்த நிலையம் மொத்தமாக மூடப்பட்டது. இதோடு கேட்கப்படும் துணைக் கேள்வி: இர்ரேடியேஷன் க்ரீப் (கதிர்வீச்சில் பொருள் அழுத்தத்துக்கு மெல்ல இணங்கி உருமாறுவது) நல்லதா கெட்டதா? நல்லது. அது உள் அழுத்தத்தைத் தளர்த்துவதால்தான் செங்கற்கள் இத்தனை வருடம் தாங்குகின்றன.

இங்கிலாந்தின் விண்ட்ஸ்கேல் ரியாக்டரில் நடந்த தீ விபத்தைக் கேட்காத வைவா இருக்காது என்றே நினைக்கிறேன். கதையாகச் சொல்லாதீர்கள், காரணமாகச் சொல்லுங்கள். காற்றால் குளிர்விக்கப்பட்ட பைல் (ரியாக்டரின் பழைய பெயர்), கிராஃபைட் குறைந்த வெப்பநிலையில் இருந்தது, அதனால் குறைபாடுகள் சரியாகாமல் ஆற்றல் உள்ளே சேர்ந்துகொண்டே போனது. விக்னர் ஆற்றல். குறைந்த வெப்பநிலைக் கதிர்வீச்சில் இது கிராமுக்கு 2700 ஜூல் வரை போகலாம். சுமார் 200 டிகிரியில் இது விடுபடும் வேகம் கிராஃபைட்டின் வெப்ப ஏற்புத் திறனைத் தாண்டிவிட்டால், வெளியிலிருந்து சூடேற்றவே வேண்டாம், தானே ஏறும். அதைக் கட்டுப்பாட்டோடு வெளியேற்றத்தான் அவ்வப்போது அனீல் செய்தார்கள், அதாவது வேண்டுமென்றே சூடேற்றினார்கள். 1957 அக்டோபர் 7-ல் தொடங்கிய அனீலின்போது 10-ம் தேதி தீ தெரிந்தது, 11-ம் தேதி தண்ணீர் ஊற்றி அணைத்தார்கள். சுற்றிலும் சுமார் 500 சதுர கிலோமீட்டர் பரப்பின் பாலைக் கொட்ட வேண்டியிருந்தது, அயோடின்-131 காரணமாக. இங்கே ஒரு பொறி உண்டு. "விக்னர் ஆற்றலால் கிராஃபைட் எரிந்தது" என்று ஒரே வரியில் முடித்தால் பிடித்துக்கொள்வார்கள். அனீல் சூழ்நிலையை உண்டாக்கியது. அளவுக்கு மீறிச் சூடாகிக் காற்றில் எரிந்ததில் முக்கியப் பங்கு யுரேனிய எரிபொருள் உருளைகளுக்குத்தான். அடுத்த கேள்வி, நவீன உயர் வெப்பநிலை ரியாக்டரில் இந்த ஆபத்து ஏன் இல்லை? திரும்பவும் அதே விடை: அந்த வெப்பநிலையில் இன்டர்ஸ்டிஷியல் நிற்பதில்லை, ஆற்றல் சேர்வதில்லை.

மற்ற பண்புகள், சுருக்கமாக:

- வெப்பக் கடத்தல்: முதலில் அடி வாங்குவது இது. கிராஃபைட்டில் வெப்பத்தைக் கொண்டுபோவது ஃபோனான் (அணு அடுக்கின் அதிர்வு அலை), வேகன்சிகள் அதைச் சிதறடிக்கின்றன. டோஸ் மிகக் குறைவாக இருக்கும்போதே விழும், கதிர்வீச்சு வெப்பநிலை கூடினால் விழுவது குறையும்.
- மின்தடை: சீக்கிரம் ஏறி, சீக்கிரம் நிலைபெறும்.
- யங் மாடுலஸ் (விறைப்பு), வலிமை: கூடும்! "கதிர்வீச்சு பொருளைப் பலவீனமாக்கும்" என்று பொதுவாகச் சொல்லி மாட்டிக்கொள்ளாதீர்கள். அடுக்குகள் வழுக்குவதற்கு உதவும் டிஸ்லொகேஷன்களை (படிக வரிசையில் உள்ள கோட்டுப் பிசகுகள்) குறைபாடுகள் பூட்டிவிடுகின்றன. விழுவது டர்ன்அரவுண்ட் தாண்டிப் புதுத் துளைகள் வந்த பிறகு.
- ரேடியோலிட்டிக் ஆக்சிடேஷன் (கதிர்வீச்சு பட்ட வாயு கிராஃபைட்டை அரிப்பது): கார்பன் டை ஆக்சைடு குளிர்விக்கும் ரியாக்டருக்கு மட்டும் இதைப் பேசுங்கள். தடுக்க மீத்தேன் சேர்ப்பார்கள்.

வெப்பச் சிகிச்சையில் எனக்குக் கேட்டது மூன்று விஷயம். எல்லாக் கார்பனையும் 3000 டிகிரியில் கிராஃபைட் ஆக்க முடியுமா? முடியாது. ரோசாலிண்ட் ஃபிராங்க்ளின் 1951-லேயே கிராஃபைட் ஆகும் கார்பன், ஆகாத கார்பன் என்று பிரித்துக் காட்டிவிட்டார். பெட்ரோலியம் கோக் ஆகும், கிளாஸி கார்பன் ஆகாது. இரண்டாவது, பான் ஃபைபர் (பாலிஅக்ரிலோநைட்ரைலிலிருந்து செய்யும் கார்பன் இழை): காற்றில் 200 முதல் 300 டிகிரியில் இழுத்துப் பிடித்து ஸ்டெபிலைஸ் செய்வது, பிறகு மந்த வாயுவில் கார்பனைஸ் செய்வது. வெப்பநிலையை ஏற்றிக்கொண்டே போனால் மாடுலஸ் ஏறிக்கொண்டே இருக்கும், வலிமை மட்டும் 1500 டிகிரி பக்கத்தில் உச்சம் தொட்டு இறங்கும். இங்கேயும் வெப்பநிலைதான் விடை, கவனியுங்கள். மூன்றாவது, தூய்மை. கார்பனின் வெப்ப நியூட்ரான் உட்கவர் பரப்பு (நியூட்ரானை விழுங்கும் வாய்ப்பின் அளவு) 0.0035 பார்ன், போரானுக்கு 767. இந்த ஒரு ஒப்பீட்டை எழுதிக் காட்டினாலே ஹாலஜன் வாயுவில் சூடேற்றி ஏன் சுத்திகரிக்கிறார்கள் என்பது புரிந்துவிடும். இயற்பியலாளர் லியோ சிலார்ட் போரான் இல்லாத கிராஃபைட் வேண்டும் என்று விடாப்பிடியாக நின்றார், 1942 டிசம்பர் 2-ல் உலகின் முதல் ரியாக்டரான சிகாகோ பைல் கிரிட்டிகல் ஆனது (தொடர்வினை தானாக ஓட ஆரம்பித்தது). ஜெர்மனியில், கிராஃபைட் நியூட்ரானை அதிகம் விழுங்கும் என்று காட்டிய இயற்பியலாளர் போத்தேவின் அளவீட்டை நம்பி கிராஃபைட்டையே கைவிட்டார்கள்.

ராமன் ஸ்பெக்ட்ரம் (லேசர் ஒளிச் சிதறல் அளவீடு) எல்லோரும் எடுப்பதால் எல்லோரையும் கேட்பார்கள். 1350 பக்கம் டி பேண்ட், 1580 பக்கம் ஜி பேண்ட், டி-க்கும் ஜி-க்கும் உள்ள விகிதம் கூடினால் குறைபாடு கூடியது என்பதோடு நிறுத்தாதீர்கள். படிகம் சிறுத்தால் இந்த விகிதம் கூடும் என்று டுயின்ஸ்ட்ரா, கோனிக் 1970-ல் சொன்ன தலைகீழ் உறவு, படிக அளவு சுமார் 2 நானோமீட்டர் வரைதான் செல்லும். அதற்கும் கீழே பொருள் அமார்ஃபஸ் பக்கம் போகப் போக விகிதம் திரும்ப இறங்கும், ஃபெராரியும் ராபர்ட்சனும் 2000-ல் தெளிவாக்கியது இதுதான். ஆகவே ஒரே விகிதத்துக்கு இரண்டு அர்த்தம் இருக்கலாம். எந்தப் பக்கத்தில் இருக்கிறோம் என்று பீக்கின் அகலத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். உங்கள் சொந்த ஸ்பெக்ட்ரத்தையே திரையில் போட்டு இதைக் கேட்பார்கள், அகலங்களை முன்பே ஃபிட் செய்து கையில் வைத்திருங்கள்.

டில்லி ஐயுஏசி-யின் (இன்டர்-யுனிவர்சிட்டி ஆக்சிலரேட்டர் சென்டர்) பெல்லட்ரான் முடுக்கியில் பீம் டைம் வாங்கி அயனிக் கதிர்வீச்சு செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அணுக்களை மோதித் தள்ளும் ஆற்றல் இழப்பு வேறு, எலக்ட்ரான்களுக்குக் கொடுக்கும் இழப்பு வேறு. உங்கள் அயனிக்கு இரண்டும் எவ்வளவு, ஆழத்தோடு எப்படி மாறுகிறது என்று கணக்கிட்டுக் காட்டும் எஸ்ஆர்ஐஎம் மென்பொருள் வரைபடம் இல்லாமல் உள்ளே போகாதீர்கள். பீமின்போது சாம்பிள் எவ்வளவு சூடானது என்பதையும் கேட்பார்கள், லாக் புக்கில் எழுதிவைத்திருந்தால் பிழைத்தீர்கள். அப்புறம் டெம் (எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்). கிராஃபீனில் ஓர் அணுவைத் தட்டிவிட 80 முதல் 90 கிலோ வோல்ட்டுக்குள் முடுக்கிய எலக்ட்ரானே போதும். 200 கிலோ வோல்ட்டில் எடுத்த படத்தில் தெரியும் குறைபாடு உங்கள் அயனி செய்ததா, மைக்ரோஸ்கோப் செய்ததா என்று கேட்டால் பதில் இருக்க வேண்டும்.

படிக்கும் முறை பற்றி, என் சுபாவத்துக்கு ஒத்துவந்தது இது:

- நான் மெதுவாகப் பேசுபவன், மனப்பாடம் எனக்கு ஆகாது. அதனால் ஒரே ஒரு பெரிய தாளில் அடுக்குப் படத்தை நடுவில் வரைந்து, ஒவ்வொரு பண்புக்கும் அதிலிருந்து ஒரு கோடு இழுத்தேன். கோட்டின் மேல் வெப்பநிலை வரம்பு. வரம்பு எழுத முடியாத கோடு என்றால் அந்தப் பகுதி இன்னும் புரியவில்லை என்று அர்த்தம்.
- போர்டில் நின்று பயிற்சி எடுங்கள், உட்கார்ந்து அல்ல. சாக்பீஸ் கையில் இருந்தால் யோசிக்க நேரம் கிடைக்கும், யாரும் குறுக்கே பேச மாட்டார்கள்.
- ரிவ்யூ பேப்பர்களைக் குவிக்காதீர்கள். நல்லதாக இரண்டு எடுத்து, அதிலிருக்கும் ஒவ்வொரு கிராஃபுக்கும் கதிர்வீச்சு வெப்பநிலை, டோஸ் அலகு இரண்டையும் ஓரத்தில் எழுதுங்கள். டிபிஏ (ஓர் அணு சராசரியாக எத்தனை முறை இடம்பெயர்ந்தது) என்றும் நியூட்ரான் ஃப்ளூயன்ஸ் (ஒரு சதுர சென்டிமீட்டரைக் கடந்த நியூட்ரான்களின் எண்ணிக்கை) என்றும் கலந்து வரும்.
- காமாக் கதிர்களைப் பற்றிக் கேட்டால்: நேரடியாக அணுவைத் தள்ளுவது மிகக் குறைவு, காற்றில் வைத்தால் மேற்பரப்பு ஆக்சிஜன் குழுக்கள் கூடும், ஃபைபருக்கும் ரெசினுக்கும் ஒட்டுதல் மாறும். இவ்வளவு போதும்.

தாளை ஸ்கேன் செய்து வைத்திருக்கிறேன், வேண்டுபவர்கள் கேளுங்கள். அதில் க்ரீப் பகுதி மட்டும் கொஞ்சம் நெருக்கமாக இருக்கும், பெரிதாக்கிப் பாருங்கள்.