எம்.டி. ரேடியாலஜி: ஏசி அறையில் மூன்று வருடம்

நீட் பிஜி கலந்தாய்வில் ரேடியாலஜி கிடைத்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். "ராத்திரி வேலை இல்ல, ஏசி ரூம், நோயாளி தொல்லையும் இல்ல" என்றார் மாமா. அதில் ஏசி மட்டும்தான் உண்மை. அதுவும் எந்திரத்துக்காக!

குமரி மாவட்டத்தில் ஒரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் படித்தேன். முதல் வருடம் முழுக்க எக்ஸ்ரேயும் அல்ட்ராசவுண்டும்தான். சி.டி., எம்.ஆர்.ஐ. பக்கம் ஓடத் தோன்றும், ஓடாதீர்கள். அல்ட்ராசவுண்டில் நம் கை பிடிக்காத படத்தை வேறு யாரும் பிடித்துத் தரப் போவதில்லை.

ராத்திரி டியூட்டியில் விபத்துக் கேஸ் வந்தால் சர்ஜரி பிஜி பக்கத்திலேயே நிற்பார். கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் இடையில், மண்ணீரலைச் சுற்றி, அடிவயிற்றில், இதயத்தைச் சுற்றி ரத்தம் இருக்கிறதா? அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். பக்கவாதம் என்றால் வேறு அவசரம். ரத்தக்கசிவு இல்லை என்று சி.டி.யில் தெரிந்தால்தான் மூளை ரத்தக்குழாயை அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி. அதற்கும் பொதுவாக நாலரை மணி நேரம்தான் கெடு. கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்று கேட்டால், படகில் தனியாகப் போன மனிதருக்கு யார் பதில் சொல்வது?

எனக்குப் பிடித்த உறுப்பு கணையம். வாயு மறைக்கும், தண்ணீர் குடிக்கவைத்துத் திரும்பப் பார்க்கவேண்டும். வயிற்றுவலியும் சர்க்கரையுமாக இளைத்த ஓர் இளைஞர் வந்தால் இந்தப் பக்கத்தில் கணையக் கல்லைத் தேடாமல் விடக்கூடாது. விரிந்த கணையக் குழாய்க்குள் பெரிய கற்கள். சாதாரண வயிற்று எக்ஸ்ரேயிலேயே முதுகெலும்புக்குக் குறுக்கே வெள்ளையாகத் தெரியும். கேரளத்தில் ஜி. கீவர்கீஸ் என்ற மருத்துவர் நிறைய நோயாளிகளை ஆராய்ந்து எழுதிய நோய் இது. ஒரு காலத்தில் பழியெல்லாம் மரச்சீனி, அதாவது மரவள்ளிக்கிழங்கு மேல். அது நிரூபணமாகவில்லை, ஸ்பிங்க்1 மரபணு மாற்றத்துக்குத் தொடர்பு உண்டு என்று பிறகு தெரிந்தது. மரச்சீனியும் மீன்கறியும் தின்று வளர்ந்த எனக்கு அதில் தனி ஆறுதல்.

கர்ப்பிணி ஸ்கேனில் படத்தைவிடக் காகிதம் அதிகம். கருவின் பாலினம் சொல்வதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி நிரப்பவேண்டிய எஃப் படிவத்தில் ஒரு கட்டம் விடுபட்டாலும் வம்பு. "மக்ளே, ஆணா பொண்ணாண்ணு மட்டும் சொல்லு" என்று கூட வந்த பாட்டி கொஞ்சுவார். சிரித்துக்கொண்டே மறுக்கப் பழகவேண்டும்.

ரிப்போர்ட் எழுதுவதுதான் கடைசியில் கைவந்தது. 'க்ளினிக்கல் கோரிலேஷன்', அதாவது நோயாளியின் அறிகுறியோடு நீங்களே ஒப்பிட்டுக்கொள்ளுங்கள் என்று போட்டுத் தப்பித்தால் எங்கள் பேராசிரியர் தாளைத் திருப்பித் தருவார். "வார்டுக்குப் போய் நீயே கேட்டுட்டு வா." போய்க் கேட்டால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

தீசிஸ், மாவட்ட மருத்துவமனையில் மூன்று மாத ரெசிடென்சி எல்லாம் எல்லாத் துறைக்கும் உள்ளதுதான். நம் மேல் படும் கதிர்வீச்சை அளக்கும் டிஎல்டி பேட்ஜை மட்டும் காரீய ஏப்ரனுக்கு உள்ளே, மார்பில் குத்துங்கள். வெளியே குத்தினால் உடம்புக்குள் போன அளவு தெரியாது.

பல்கலைக்கழகத் தேர்வில் எழுத்துத்தாள் நான்கு. செய்முறையில், பார்த்ததும் நோயைச் சொல்லவேண்டிய ஸ்பாட்டர் படங்கள் மின்னிமறையும். அதற்குப் புத்தகம் மட்டும் போதாது. பார்த்த நல்ல கேஸ்களை முதல் வருடத்திலிருந்தே சேர்த்து வையுங்கள், நோயாளி பெயரையும் எண்ணையும் அழித்துவிட்டு.