கிறிஸ்டியன்ஸ்டெட் அரசு மாளிகை, 1:100 அட்டை மாதிரி: வளைவுகள் முடிந்தன, கூரை பாக்கி

கரீபியன் கடலில் உள்ள செயின்ட் குரோய் தீவை டென்மார்க் 1733இல் பிரான்சிடம் வாங்கி, 1917இல் அமெரிக்காவுக்கு விற்றது. அந்தத் தீவின் கிறிஸ்டியன்ஸ்டெட் நகரிலுள்ள அரசு மாளிகை முதலில் ஒரு தனியார் வீடு. 1771இல் அரசு அதை வாங்கி, பின்னர் பக்கத்து வீட்டையும் சேர்த்துப் பெரிதாக்கியது. ஒட்டுப்போட்ட கட்டடம் என்பதால், ஒரு வளைவை வரைந்து மற்றவற்றுக்கு நகலெடுப்பது ஆபத்து. ஒவ்வொன்றையும் தனியாக அளந்துதான் வரைய வேண்டும். அமெரிக்க வரலாற்றுக் கட்டட அளவாய்வின் வரைபடங்கள் அடி, அங்குலத்தில் இருக்கும். 1:100 மாதிரியில் 1 அடி = 3.05 மி.மீ. அச்செடுக்கும்போது 'பக்கத்துக்குப் பொருத்து' என்ற தேர்வை எடுத்துவிட்டு, வரைபடத்திலுள்ள அளவுக்கோட்டை ஸ்கேல் வைத்துச் சரிபாருங்கள்.

இந்த மாதிரியின் உயிர், நடைபாதைமேல் நிற்கும் வளைவுகளின் நிழல். ஒற்றை அட்டையில் வெட்டினால் அது தபால் அட்டைப் படம்தான். சுவரை 60 செ.மீ. கனம் என்று கொண்டால் 6 மி.மீ. வேண்டும், அதாவது 2 மி.மீ. மில்போர்டு (கெட்டி அட்டை) மூன்று. மூன்றையும் இரண்டு குண்டூசி குத்தி நிறுத்தி ஒட்டினால் வளைவுகள் விலகாது. ஃபெவிகாலின் ஈரத்தில் அட்டை வளையும். மெல்லிசாகத் தடவி, கண்ணாடிகளுக்கு நடுவே பாரம் வைத்து ஓர் இரவு விட வேண்டும். வளைவைப் புது பிளேடால் ஏழெட்டு முறை லேசாகக் கீறித்தான் வெட்ட வேண்டும். ஒரே அழுத்தில் வெட்டினால் உள் அடுக்கு கிழிந்து பிசிறடிக்கும். உட்பக்கம் பென்சிலில் சுற்றிய உப்புத்தாளால் தேய்த்து, 6 மி.மீ. காகிதப் பட்டை ஒட்டியாயிற்று. பட்டையைக் காகிதத்தின் இழைக்குக் குறுக்கே மடக்கினால் வளையாமல் மூலை மூலையாக உடையும்.

பூச்சில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். இந்த அளவில் அரை மி.மீ. மேடு, நிஜத்தில் 5 செ.மீ. புடைப்பு. ஆகவே வால் பட்டியை (சுவரைச் சமன்செய்யப் பூசும் மாவு) நீர்க்கக் கரைத்து ஒரே பூச்சு, பிறகு 400 எண் உப்புத்தாள். நிறத்துக்கு வெள்ளை 3 பங்கு, மஞ்சள் காவி 1 பங்கு. எலுமிச்சை மஞ்சள் வேண்டாம், பிளாஸ்டிக் பொம்மை ஆகிவிடும். அக்ரிலிக் வண்ணம் காய்ந்தால் ஒரு படி கறுக்கும். துண்டு அட்டையில் பூசிப் பார்க்கவும். வெள்ளை ஓரப்பட்டிகளைத் தனிக்காகிதத்தில் வெட்டி ஒட்டினால் கோடு சுத்தமாக வரும்.

அடுத்தது நாலுபக்கச் சரிவுக் கூரை. ஒரு சதுரப் பகுதியின் அகலம் 80, உயரம் 25 மி.மீ. என்றால், சரிவுப் பக்கத்தின் நீளம் 47.2. மூலையிலிருந்து உச்சிவரை போகும் மூலைக்கோடு 61.8, மேலிருந்து பார்க்கும் 56.6 அல்ல. 56.6 வைத்து வெட்டினால் நாலு பக்கமும் உச்சியில் சேராமல் வாய் பிளந்து நிற்கும்.