உதரவிதானத்தில் ஓர் ஒட்டு

வலது தோள்பட்டையின் நுனியில் இருந்த வலிக்கு நான்கு மாதங்கள் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். மாத்திரை, கைப்பயிற்சி, தலையணை மாற்றம் என எல்லாம் செய்து பார்த்தாயிற்று. கையைத் தூக்கினாலோ சுழற்றினாலோ அந்த வலி கூடுவதில்லை, ஆழ்ந்து மூச்சிழுத்தால் மட்டுமே கூடுகிறது என்பதை நானும் சொல்லவில்லை, பார்த்த மருத்துவரும் கேட்கவில்லை. பிறகு விடாத இருமலுக்காக எடுத்த மார்பு எக்ஸ்ரேயில், வலது நுரையீரலுக்கு அடியில் உருண்டையாக ஒரு நிழல் தெரிந்தது. அது, மூச்சிழுக்கும்போது கீழிறங்கும் தசைத் திரையான உதரவிதானத்தைப் பற்றிக்கொண்டு வளர்ந்த 9 சென்டிமீட்டர் கட்டி என்று சிடி ஸ்கேன் காட்டியது. ஊசி செலுத்தித் துளித் திசுவை எடுத்துச் சோதித்த பயாப்ஸியில் நார்த்திசுக் கட்டி என்று முடிவு வந்தது. தோள்வலியின் காரணமும் அப்போதுதான் விளங்கியது. உதரவிதானத்தை இயக்கும் நரம்பு கழுத்தின் மூன்று, நான்கு, ஐந்தாம் நரம்பு வேர்களிலிருந்து இறங்கி வருகிறது. தோளின் மேற்புறத் தோலுக்கு உணர்வு தருபவற்றிலும் அந்த வேர்களில் சில உண்டு. ஆகவே விலாவுக்கு அடியில் உறுத்துவதைத் தோளில் வலிப்பதாக மூளை எடுத்துக்கொள்கிறது.

கட்டியை மட்டும் சுரண்டி எடுக்க முடியாது, அதைச் சுற்றியுள்ள நல்ல தசையிலும் ஓர் ஓரத்தைச் சேர்த்தே வெட்ட வேண்டும் என்றார் அறுவைச் சிகிச்சை நிபுணர். நெஞ்சறையையும் வயிற்றறையையும் பிரிக்கும் அந்தக் கூரையில் ஓட்டை விழுந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். ஓட்டை சிறியதாக இருந்தால் இரு விளிம்புகளையும் இழுத்து, கரையாத நூலால் தைத்துவிடலாம். பெரியதை அப்படி இழுத்தால் தையல் தசையைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும், அதனால் ஒட்டு வைக்க வேண்டும் என்றார். வலை போன்ற பொருள்களும், விலங்குத் திசுவிலிருந்து தயாரித்தவையும், நோயாளியின் முதுகுத் தசையையே திருப்பி வைக்கும் முறையும் உண்டாம். எனக்கு அவர் தேர்ந்தெடுத்தது பிடிஎஃப்இ என்ற செயற்கைப் பொருளால் ஆன, 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள வெண்ணிறத் தகடு. அதில் உறுப்புகள் எளிதில் ஒட்டிக்கொள்வதில்லை, ஓர் அறையின் நீரும் மற்றதற்குள் கசிவதில்லை.

ஒட்டின் இறுக்கத்தை விளக்க, தம் கைக்குட்டையை ஒரு கோப்பையின் வாயில் விரித்துக் காட்டினார். தொய்வாக வைத்தால் ஒவ்வொரு முறை மூச்சிழுக்கும்போதும் அது கீழே போவதற்குப் பதிலாக மேலே உப்பி நுரையீரலின் இடத்தைப் பறித்துக்கொள்ளும்; மிகவும் இழுத்தால் விளிம்பில் தையல் விடும். இதையெல்லாம் கேட்டுவிட்டு, ஒட்டு வைத்ததும் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்றே நான் நினைத்துக்கொண்டேன். அவர் அப்படிச் சொல்லவே இல்லை. கேட்க விரும்பியதைக் கேட்டது என் காது.

அறுவைச் சிகிச்சை ஆறு மணி நேரம் நீடித்ததாகப் பின்னர் சொன்னார்கள். கட்டியோடு சேர்த்து எடுத்த பகுதி ஏறத்தாழ 11க்கு 8 சென்டிமீட்டர். பின்புற ஓரத்தில் தையல் போடத் தசையே மிஞ்சாததால், அங்கே நூலை விலா எலும்பைச் சுற்றிக் கொண்டுவந்து கட்டியிருந்தார்கள். இயக்க நரம்பு உதரவிதானத்தின் நடுப்பகுதிக்கு அருகில் இறங்கி அங்கிருந்து வெளிநோக்கிக் கிளை பிரிவதாலும், என் கட்டி வெளி ஓரத்தில் இருந்ததாலும் முக்கியக் கிளைகள் தப்பின.

கண் விழித்தபோது முதுகில் வலிமருந்துக் குழாயும் விலாவில் வடிகுழாயும் இருந்தன. வடிகுழாயின் மறுமுனை கட்டிலுக்குக் கீழே ஒரு புட்டியின் நீருக்குள் அமிழ்ந்திருந்தது. மூச்சை இழுத்தால் குழாயில் நீர் மேலேறும், விட்டால் இறங்கும். சில நாள்கள் என் மூச்சை நான் கண்ணால் பார்த்தது அங்கேதான். இரவில் தூக்கம் வராதபோது அந்த நீர்மட்டத்தைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். ஐந்தாம் நாள் அதை உருவினார்கள். ஆழ்ந்து இழுத்து மூச்சை அடக்கிக்கொள்ளச் சொல்லிவிட்டு, ஒரே இழுப்பு.

மூன்று பந்துகள் கொண்ட ஸ்பைரோமீட்டர் என்ற மூச்சுப் பயிற்சிக் கருவியை மணிக்குப் பத்து முறை உறிஞ்ச வேண்டும். நொடிக்கு 600 மில்லிலிட்டர் காற்றை இழுத்தால் முதல் பந்து எழும். மூன்றாவதற்கு 1,200 வேண்டும். முதல் இரண்டு நாள்கள் முதல் பந்தே நடுங்கிவிட்டு உட்கார்ந்தது. தலையணையை வெட்டுக்காயத்தின் மேல் அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமக் கற்றுக்கொடுத்த செவிலியரை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். இருமலைவிட எனக்குப் பெரிய பாடாக இருந்தது மலச்சிக்கல். முக்கினால் வயிற்றின் அழுத்தம் முழுவதும் புதுத் தையலின் மேல் விழும் என்பதால் கேட்டு வாங்கி மருந்து சாப்பிட்டேன். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, கூச்சப்படாமல் கேட்டுவிடுவது நல்லது.

இரண்டாம் வாரத்தில் காய்ச்சல் வந்தது. ஒட்டுக்கு மேலே நீர் கோத்திருந்தது. ஊசி வைத்து 400 மில்லிலிட்டர் எடுத்தார்கள். செயற்கைத் தகட்டில் கிருமி தொற்றினால் பெரும்பாலும் தகட்டையே எடுக்க நேரிடும் என்பதை அப்போது நான் அறிந்திருந்ததால், அந்த நீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் சோதனையின் முடிவு வரும்வரை யாருடனும் சரியாகப் பேசவில்லை. கிருமி இல்லை என்று வந்தது.

வீடு திரும்பிய பிறகும் மட்டமாகப் படுத்தால் மூச்சு திணறியது. நின்றால் ஈர்ப்பினால் குடல் கீழே தொங்கும், படுத்தால் அது மேலே தள்ளும். மூன்று தலையணைகளில் சாய்ந்து தூங்கினேன். வயிறு நிறையச் சாப்பிட்டால் அதுவும் போதவில்லை. அடுத்த முறை மருத்துவரைப் பார்த்தபோது, ஒட்டு எப்போது வேலை செய்யத் தொடங்கும் என்று கேட்டேன். அவர் சற்று வியந்து பார்த்துவிட்டு, "அது வேலை செய்யாது. அது சுவர். வேலையை மிச்சத் தசைதான் பார்க்க வேண்டும்" என்றார். அன்று மனம் உடைந்தாலும், பயிற்சிக்கு ஒரு பொருள் கிடைத்ததும் அன்றுதான். அதுவரை ஒட்டு பழகட்டும் என்று காத்திருந்தவன், இருக்கும் தசையைப் பழக்கத் தொடங்கினேன். விலாவின் அடியில் இரு கைகளையும் வைத்துக்கொண்டு, வலப்பக்கம் பிந்துவதை உணர்ந்து, அந்தப் பக்கம் மெதுவாக மூச்சை இழுப்பேன். மூன்று மாதங்கள் கனமான எதையும் தூக்கவில்லை.

ஆறாம் மாதம், திரையில் எக்ஸ்ரே ஓடிக்கொண்டிருக்க, மூக்கால் சட்டென உறிஞ்சச் சொன்னார்கள். இடப்பக்கக் கூரை விசுக்கென இறங்கியது. வலப்பக்கத்தில் உள் பாதி இறங்கியது. வெளி ஓரம் அப்படியே நின்றது. மருத்துவர் என்னை இன்னொரு முறை உறிஞ்சச் சொல்லி, அசையாத இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். அது மேலே ஏறவில்லை என்பதைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிரவு ஒரு தலையணையோடு படுத்தேன்.