கண்மாய்க்கு மேலே ஒரு கோடு

2024 மார்ச் 19
அப்பா 2021-ல் விற்ற புஞ்சைக்கு வருமான வரி உத்தரவு வந்துவிட்டது. ரூ.3,12,400 கட்ட வேண்டுமாம். விவசாய நிலம், விற்ற லாபத்துக்கான மூலதன ஆதாய வரி வராது என்றுதான் கணக்கில் காட்டியிருந்தோம். நகராட்சி எல்லையிலிருந்து 6 கி.மீ.க்குள் இருப்பதால் அந்தச் சலுகை கிடையாதாம். "அப்போ முப்பது வருஷமா எதுலடா கடலை போட்டேன்?" என்றார் அப்பா.

மார்ச் 23
ஆடிட்டர் பார்த்தவுடன் சிரித்துவிட்டார். 6 கி.மீ. கணக்கு 1 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள ஊருக்கு. 1 லட்சம் வரை 2 கி.மீ.தான். எங்கள் ஊர் 2011 கணக்கெடுப்பில் எண்பதாயிரத்துச் சொச்சம். "கோர்ட்டெல்லாம் எதுக்கு சார்? மேல்முறையீட்டு ஆணையர் இருக்காரு. படிவம் 35, ஆன்லைன்ல போட்டுடலாம். ஃபீஸ் ஆயிரம் ரூபாய். ஆனா 30 நாள் கெடு."

ஏப்ரல் 4
நகராட்சி எல்லையிலிருந்து நிலம் எவ்வளவு தூரம் என்று தூரச் சான்றிதழ் வேண்டும். தாலுகா ஆபீஸில் ஆளே இல்லை, 19-ம் தேதி ஓட்டுப்பதிவு, எல்லாரும் தேர்தல் வேலை.

ஏப்ரல் 12
கிடைத்தது. தூரத்தை நேர்க்கோட்டில்தான் அளக்க வேண்டும். ரோடு கண்மாயைச் சுற்றிப் போவதால் 4.5 கி.மீ. வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் 3 கி.மீ. "தண்ணிக்கு மேல எவன் நடக்கிறான்?" என்று அப்பாவுக்குக் கோபம். 3 ஆனாலும் 2-ஐத் தாண்டியாச்சே, அப்புறம் என்ன!

ஏப்ரல் 16
அப்பீல் போட்டாச்சு. சங்கதியை 1,000 வார்த்தைக்குள் சொல்ல வேண்டும். கிணறு வெட்டிய கதையையும் சேர்க்கச் சொன்னார் அப்பா, சேர்க்கவில்லை. அடங்கல் (எந்த நிலத்தில் என்ன பயிர் என்ற கிராமக் கணக்கு) நகல், சான்றிதழ், மக்கள்தொகைப் பக்கம் எல்லாம் ஏற்றினோம். எரிச்சல் என்னவென்றால், அப்பீல் போட்டதாலேயே வசூல் நிற்காது. 20 சதவீதம், அதாவது ரூ.62,480 கட்டி, மீதிக்குத் தடை கேட்டு மதிப்பீட்டு அதிகாரிக்குத் தனியாக மனு.

அக்டோபர் 9
வரித் தகராறுகளை முடித்துக்கொள்ள 'விவாத் சே விஷ்வாஸ்' திட்டம் வந்திருக்கிறது. வரியை முழுசாகக் கட்டினால் வட்டியும் அபராதமும் தள்ளுபடி. எனக்குச் சபலம்தான். "தப்பே பண்ணலைங்கிறப்ப தள்ளுபடி எதுக்கு?" என்றார் அப்பா. அத்தோடு பேச்சு முடிந்தது.

2025 ஆகஸ்ட் 21
உத்தரவு எங்கள் பக்கம். ஆணையர் எந்த ஊரில் இருக்கிறார் என்றுகூடத் தெரியாது, முகம் பார்க்காத விசாரணை. கட்டிய ரூ.62,480 இன்னும் திரும்பவில்லை. அப்பா தினமும் பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு பேங்குக்குப் போய்வருகிறார்.