வேப்பம்புண்ணாக்கு யூரியா: ஆறு ஊறுகாய் ஜாடியில் மூன்று வாரம்

அப்பா நெல்லுக்கு யூரியாவைத் தனியாகப் போட்டு நான் பார்த்ததில்லை. யூரியா ஐந்து பங்கு, ஜிப்சம் நான்கு, வேப்பம்புண்ணாக்கு ஒன்று. கலந்து சாக்கால் மூடி ஒரு ராத்திரி வைத்துவிடுவார். "தனியாப் போட்டா பாதி தண்ணியோட போயிடும்டா." வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரையும் இதே 5:4:1தான். தண்ணீரோடு மட்டுமா, காற்றோடும் போகிறதே, அதை வீட்டில் கொஞ்சமாவது பார்க்க முடியுமா என்ற நமைச்சல்தான் எனக்கு.

மண்ணில் விழுந்த யூரியாவை யூரியேஸ் நொதி சில நாளிலேயே அம்மோனியமாக உடைத்துவிடும். நைட்ரோசோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக்கும், அடுத்த கூட்டம் நைட்ரேட்டாக்கும். காற்றுப் புகாத ஈர மண்ணில் வேறு சில பாக்டீரியாக்கள் ஆக்சிஜனுக்குப் பதில் அந்த நைட்ரேட்டைச் சுவாசித்து நைட்ரஸ் ஆக்சைடாகவும் நைட்ரஜனாகவும் விட்டுவிடும். பூமியைச் சூடாக்குவதில் ஒரு கிலோ நைட்ரஸ் ஆக்சைடு, 100 ஆண்டுக் கணக்கில், 273 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். வேம்பின் கசப்பு அந்த முதல் கூட்டத்தின் கையைக் கொஞ்ச நாள் கட்டிப்போடும்.

முதல் சுற்று வீண். "வெறும் யூரியா" ஜாடியும் புண்ணாக்கு ஜாடியும் நைட்ரேட் பட்டையில் (நைட்ரேட் கூடக் கூட நிறம் அடரும் சோதனைத் தாள்) ஒரே நிறம் காட்டின. பத்தாம் நாள்தான் மூட்டையைத் திருப்பிப் பார்த்தேன்: வேம்பு பூசிய யூரியா. 2015லேயே அதைக் கட்டாயமாக்கிவிட்டார்களே! எதோடு எதை ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன்? ரசாயனக் கடையில் ஆய்வகத் தர யூரியா வாங்கி மறுபடி ஆரம்பித்தேன்.

ஜாடிக்கு அரைக் கிலோ வயல் மண், காயவைத்துச் சலித்தது. இரண்டில் மண் மட்டும், இரண்டில் அரை கிராம் யூரியா, இரண்டில் அதோடு 0.1 கிராம் புண்ணாக்குத் தூள். வயலுக்குப் போடுவதைவிட இது பல மடங்கு அதிகம், பட்டையில் நிறம் தெரிய வேண்டுமே. மூடியில் ஓட்டை, மண் பிடித்தால் உருண்டையாகும் அளவுக்கு ஈரம். சோதிக்கும்போது 10 கிராம் மண்ணை 50 மில்லி காய்ச்சி வடித்த நீரில் குலுக்கி, காபி வடிதாளில் வடிகட்டி, மீன்தொட்டிக்காரர்கள் வைத்திருக்கும் நைட்ரேட் பட்டையை முக்கிப் பார்ப்பேன்.

மூன்றாம் நாள், மூடிக்கடியில் தொங்கவிட்ட ஈர சிவப்பு லிட்மஸ் தாள் யூரியா போட்ட நான்கு ஜாடியிலும் நீலமானது. அம்மோனியா. எட்டாம் நாள் வெறும் யூரியாவில் வாடை அடங்கிவிட்டது, புண்ணாக்கு ஜாடியில் மூக்கைச் சுளிக்கவைத்தது. இது எனக்குப் பிடிக்காத செய்திதான். அம்மோனியம் அதிக நாள் தங்கினால், எங்கள் மாதிரி காரத்தன்மையுள்ள மண்ணில் அதில் கொஞ்சம் அம்மோனியாவாகப் பறக்கும். அது பசுமைக்குடில் வாயு இல்லை. ஆனால் வேறெங்கோ மண்ணில் விழுந்து, அங்கே நைட்ரஸ் ஆக்சைடுக்கு வழிவிடும்.

அதே எட்டாம் நாள் பட்டை: வெறும் யூரியா இரண்டும் 50. புண்ணாக்கு முதல் ஜாடி 10. இரண்டாவது, கிட்டத்தட்ட பூஜ்யம்! படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டேன்.

சாயங்காலம் அந்த ஜாடியைத் தூக்கினால் அடியில் தண்ணீர் தளும்புகிறது. மண் சாம்பல் நிறம், சாக்கடை வாடை. "ஏங்க, அது மட்டும் காஞ்சு கிடந்துச்சு, ஒரு டம்ளர் ஊத்தினேன்" என்றாள் மனைவி.

அதாவது நைட்ரேட் உருவாகாததால் வந்த பூஜ்யம் இல்லை இது. உருவானதையும் பாக்டீரியாக்கள் சுவாசித்துத் தீர்த்திருக்கலாம். வாயு குறைந்தாலும் பட்டை வெளுக்கும், வாயுவாகவே போய்விட்டாலும் வெளுக்கும். ஒரே நிறத்துக்கு எதிரெதிரான இரண்டு அர்த்தம். படத்தை அழித்துவிட்டேன்.

சோதித்தே பார்த்துவிடலாம் என்று, பதினான்காம் நாள் 100 காட்டிய வெறும் யூரியா ஜாடி ஒன்றில் தண்ணீர் நிரப்பி, பாக்டீரியாவுக்குத் தீனியாக ஒரு சிட்டிகை நாட்டுச்சர்க்கரை போட்டு இறுக மூடினேன். நான்கு நாளில் 10. செடி இல்லை, வடிகால் இல்லை. கொஞ்சம் பாக்டீரியா உடம்பில் சேர்ந்திருக்கும், மீதி காற்றில்தான். அதில் நைட்ரஸ் ஆக்சைடு எவ்வளவு, வெறும் நைட்ரஜன் எவ்வளவு என்று பட்டை சொல்லாது. அதற்கு வயலில் பெட்டி கவிழ்த்து வாயு பிடித்து, வாயுக்களைப் பிரித்து அளக்கும் குரோமட்டோகிராஃபியில் ஓட்ட வேண்டும்.

தண்ணீர் படாத புண்ணாக்கு ஜாடி 21ஆம் நாள் 100ஐத் தொட்டது. கட்டு அவிழ்ந்துவிட்டது.

அடுத்தது காய்ச்சலும் பாய்ச்சலும். வயலைக் காயவிட்டுப் பாய்ச்சினால் மீத்தேன் குறையும். ஆனால் காய்ச்சலில் நைட்ரேட் சேர்ந்து, பாய்ச்சலில் நைட்ரஸ் ஆக்சைடாகப் போகும். புண்ணாக்கு அங்கே எத்தனை நாள் தாங்கும் என்று பார்க்க நான்கு ஜாடி கழுவி வைத்திருக்கிறேன். மேலே "தண்ணீர் ஊற்றக் கூடாது" என்று எழுதி ஒட்டியாகிவிட்டது.