வேஃபர் கறுக்கும் வரை

மெருகேற்றிய சிலிக்கான் வேஃபரில், அதாவது படிகத்திலிருந்து அறுத்த மெல்லிய வில்லையில், முகம் பார்க்கலாம். அழகுதான், ஆனால் சோலார் செல்லுக்கு அதுவே கேடு: விழும் ஒளியில் ஏறத்தாழ 35 சதவீதம் அப்படியே திரும்பிப் போய்விடும். அந்தப் பளபளப்பைக் கெடுப்பதுதான் ஆய்வகத்தில் எனக்குக் கிடைத்த முதல் வேலை.

கேட்க எளிதாகத்தான் இருந்தது. நீர்த்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, கொஞ்சம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், 80 டிகிரி, அரை மணி நேரம். படிகத்தில் அணுக்கள் அடுக்கப்பட்ட திசையைப் பொறுத்து தளங்களுக்கு எண் பெயர் உண்டு. இந்தக் காரம் வேஃபரின் முகப்பான (100) தளத்தை வேகமாக அரிக்கும், சாய்ந்திருக்கும் (111) தளத்தைத் தொடவே தயங்கும். முகப்பு கரையக் கரைய, கரைய மறுக்கும் நான்கு சரிவுகள் சேர்ந்து சில மைக்ரான் உயரப் பிரமிடுகளாக எழும். சாய்வு 54.7 டிகிரி. ஒரு சரிவில் பட்டுத் தெறிக்கும் ஒளி பக்கத்துப் பிரமிடில் போய் மறுபடி விழும்.

என் முதல் வேஃபர் தேமல் விழுந்த தோல் மாதிரி வெளியே வந்தது. நடுவில் சாம்பல், மேலே பளபளப்பு, ஓரத்தில் நீள்வட்டமாக நான்கு திட்டுகள். உற்றுப் பார்த்தால் என் விரல்கள்! கையுறை போட்டிருந்தேன், அதே கையுறையோடு கதவுப் பிடியையும் தொட்டிருந்தேன்.

அடுத்த முறை சுத்தம் பார்த்துச் செய்தும் வெள்ளைப் புள்ளிகள். பீக்கரை மூடாமல் விட்டதுதான் காரணம். ஆல்கஹாலின் கொதிநிலையே 82 டிகிரிதான். பாதி ஆவியாகிப் போயிருக்கும். அது குறைந்தால் வினையில் வரும் ஹைட்ரஜன் குமிழ்கள் பரப்பை விட்டுக் கிளம்பாமல் ஒட்டிக்கொள்ளும். குமிழ் உட்கார்ந்த இடத்தில் அரிப்பு நடக்காது. பிறகு மூடி போட்டேன், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆல்கஹால் சேர்த்தேன், வேஃபர் தாங்கியை மெல்ல அசைத்துக்கொண்டே நின்றேன்.

ஐந்தாவது வேஃபர் வெல்வெட் துணிபோல ஒரே சீரான கருஞ்சாம்பல். எதிரொளிப்பு 12 சதவீதம். மேலே சிலிக்கான் நைட்ரைடு பூசினால் இன்னும் இறங்கும்.

அந்தத் தெம்பில் பலபடிகச் சிலிக்கானையும் அதே குளியலில் போட்டுப் பார்த்தேன். வீண். ஒவ்வொரு படிகத் துணுக்கும் ஒவ்வொரு திசை பார்ப்பதால் ஒன்று கறுத்தது, பக்கத்தில் இருந்தது மின்னியது. அதற்கு ஹைட்ரோஃபுளோரிக், நைட்ரிக் அமிலக் கலவைதான் சரி. திசை பாராமல் குழி பறிக்கும். ஹைட்ரோஃபுளோரிக் தோலில் பட்டால் வலி தாமதமாகத்தான் தெரியும். கால்சியம் குளுக்கோனேட் களிம்பு கையெட்டும் தூரத்தில் இல்லாமல் இன்றுவரை அந்தப் புட்டியை நான் திறந்ததில்லை.